மொறிஸ் மைனரும் அதனைப் படைத்த பெரியாரும்

கல்லூரி மலர்களில் வாழ்க்கை வரலாறு எழுதப் புகுவோர் புலவரையும் புரவலரையும் சமயப் பெரியாரையும் நாடுவதே வழக்கம். தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் மோட்டார்க் கார் வரைந்த பிறநாட்டார் ஒருவரின் வரலாற்றை எழுத முற்படுவது, இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் சிலருக்கு வியப்பைத் தரலாம். அவ்வியப்பை முதலில் நீக்கிவிட்டு மேற்செல்வதே முறை. அப்பெரியாரை நாடி நான் நூல்களைத் திறந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கறள் தின்ற ஒரு கார். மற்றையது, கணிதத்திற் சித்தியெய்தாத ஒரு மாணவன்.

மன்னார்த் தீவிலே எங்கள் வளவில், பனைமரங்களுக்கு நடுவே கிடுகு வேய்ந்த கொட்டிலொன்றில் என் பாட்டனாரின் மொறிஸ் மைனர் கார் நிற்கும். 1950களில் அவர் வாங்கியது அது. முன்கண்ணாடி நடுவே பிரிந்து இரு துண்டாய் அமைந்தது. 803 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சின் பூட்டியது. இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த உறவினரைத் தலைமன்னார்த் துறையிலிருந்து அழைத்து வந்ததும், திருக்கேதீச்சரத்துக்கும் மடுவுக்கும் அயலாரை ஏற்றிச் சென்றதும், பிரசவ வேதனையுற்ற பெண்களை நள்ளிரவில் ஆசுபத்திரியிற் கொண்டு சேர்த்ததும் அக்காரே. பாட்டனார் ஆசிரியராயிருந்தமையால் ஊரார் அதனை வாத்தியார் கார் என வழங்கினர்.

1990ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. படகேறி இராமேசுவரம் போனோர் பலர். மடுவிற் புகலடைந்தோர் பலர். அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்தில் மன்னார் முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணம் புகுந்தது. காரைக் கொண்டு செல்ல வழியில்லை. பாட்டனார் பற்றறியைக் கழற்றினார். அச்சுகளுக்குக் கீழே கல்லடுக்கிச் சில்லுகளை நிலத்திலிருந்து உயர்த்தினார். கொட்டிற் படலையைக் கயிற்றாற் கட்டிவிட்டு நடந்தார். அதன்பின் அவர் அதனைக் கண்டாரில்லை.

நான் இக்கல்லூரியில் மாணவனாய்ச் சேர்ந்தேன். அக்காலத்துப் பொருளாதாரத் தடையை உடன்பயின்றோர் மறந்திரார். பெற்றோல் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. ஆயினும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40உம் வீதிகளில் ஓடியவண்ணமே இருந்தன. சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை முடுக்கி, அது சூடேறிய பின்பு மண்ணெண்ணெயிற் செலுத்தினர் நம்மவர். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்களாதலின் அவை அதனையும் ஏற்றுக்கொண்டன. புதுமுறைக் கார்கள் வீட்டில் முடங்க, கிழட்டுக் கார்களே நோயாளரையும் மணமக்களையும் சுமந்தன. கரும்புகை கக்கிச் சென்ற அவற்றைக் காணுந்தோறும் எங்கள் வளவிலே நின்ற கார் என் நினைவுக்கு வரும்.

2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே மன்னாருக்குப் புதிய பாலம் திறக்கப்பட்டது. பயிற்றப்பட்ட தமிழாசிரியனாய் மன்னாருக்கு மாற்றம் பெற்று நானும் அவ்வாண்டிலேயே அப்பாலத்தைக் கடந்தேன். கொட்டில் சரிந்து கிடந்தது. இருபது ஆண்டுச் சோளகமும் வாடையும் கடலுப்பைக் கொணர்ந்து காரின்மீது அப்பியிருந்தன. தரைத்தகடு விரலால் அழுத்தப் பிட்டுப்போல் உதிர்ந்தது. பின்வில்லுகள் பூட்டிய இடங்களைக் கறள் அரித்திருந்தது. எஞ்சின் இறுகிவிட்டது, இருக்கைகளைக் கறையான் தின்றுவிட்டது. எனினும் கூரையும் கதவுகளும் முன்மூடியும் ஒருவாறு தப்பியிருந்தன. பழையிரும்புக்கு விற்றுவிடுமாறு எல்லாரும் கூறினர். நான் இசையவில்லை.

இனி, அம்மாணவனைப் பற்றியும் கூறவேண்டும். என் வகுப்பிலே கடைசி வாங்கில் அவன் இருப்பான். கட்டுரை எழுதான், செய்யுளை மனனஞ் செய்யான். இடைவேளையில் யாருடைய மிதிவண்டியையேனும் கவிழ்த்து வைத்துச் சங்கிலியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பான். எதற்கும் உதவாதவன் என்று வகுப்பு முழுவதும் கேட்க அவனை நான் இகழ்ந்ததுண்டு. சாதாரணதரப் பரீட்சையிலே கணிதத்தில் இருமுறை தவறிக் கராச்சொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். காரைத் திருத்த ஆள் கிடையாது நான் வருந்திய காலத்தில், தானாகவே வந்து நின்றவன் அவன். சேர், நான் ஒருக்காப் பார்க்கட்டோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். ஆங்கிலக் கைந்நூல்களைப் படித்துத் தமிழிற் சொல்வது என் பங்காகவும், கைவேலை அவன் பங்காகவும் அமைந்தன. அவ்வாறு படித்த காலத்திலேதான் அலெக் இசிகோனிஸ் என்னும் பெரியாரின் வரலாறு எனக்குக் கிட்டியது.

அலெக் இசிகோனிஸ் 1906ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், சின்னாசியாக் கரையிலுள்ள சிமிர்னா நகரிலே பிறந்தார். இக்காலத்தில் துருக்கி நாட்டின் இஸ்மிர் எனப்படுவது அந்நகரே. கிரேக்கரும் துருக்கியரும் ஆர்மேனியரும் யூதரும் ஐரோப்பியரும் கலந்து வாழ்ந்து வாணிகம் வளர்த்த துறைமுகம் அது. தந்தையார் கொன்ஸ்ரன்ரைன் கிரேக்க வழியினர். ஆயினும் பிரித்தானியப் பிரசையாயிருந்தார். கப்பல் எஞ்சின்களைத் திருத்தும் தொழிற்சாலை அக்குடும்பத்துக்கு உரியதாயிருந்தது. தாயார் ஹுல்டா செருமனியின் பவேரியா நாட்டு வழியில் வந்தவர். இரும்பும் நீராவியும் எண்ணெய் மணமும் சூழ்ந்த அத்தொழிற்சாலையே சிறுவனுக்கு முதற் பள்ளிக்கூடமாயிற்று.

1922ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் நிகழ்ந்த போரின் முடிவில் சிமிர்னா தீப்பற்றி எரிந்தது. கரையிலே திரண்ட மக்கள் கப்பல்களை எதிர்நோக்கி நின்றனர். பிரித்தானியப் பிரசைகளை அந்நாட்டுக் கடற்படையினர் ஏற்றி மால்டாத் தீவுக்குக் கொண்டு சென்றனர். இசிகோனிஸ் குடும்பத்தார் வீட்டையும் தொழிற்சாலையையும் விட்டு, கைக்கு அகப்பட்டவற்றோடு கப்பலேறினர். நோயுற்றிருந்த தந்தையார் மால்டாவிலேயே உயிர் நீத்தார். பதினாறு வயதினனான மகனும் விதவையான தாயும் முன்பின் அறியாத இலண்டன் மாநகரை அடைந்தனர். இப்பகுதியைப் படித்த இரவில் நான் நூலை மூடிவைத்துவிட்டேன். படகேறிய கதையும் பாதிவழியில் முதியோரை இழந்த கதையும் மன்னார்க் கரையில் வீட்டுக்கு வீடு உள்ளவை.

இலண்டனிலே பாட்டர்சீ பல்தொழிற் கல்லூரியிற் சேர்ந்து பொறியியல் பயின்றார் இளைஞர். வரைதலில் அவருக்கு நிகரில்லை. கணிதமோ அவருக்குக் கைவரவில்லை. ஒருமுறையன்று, இருமுறையன்று, மும்முறை கணிதப் பரீட்சையிலே தோல்வியுற்றார். ஆக்கும் உள்ளத்துக்குத் தூய கணிதம் பகையென்று பிற்காலத்தில் அவர் சொல்லி வந்ததற்கு இத்தோல்வியே வித்தாயிருத்தல் கூடும். அக்கூற்றை நான் மாணவர்க்குப் பரிந்துரைக்கேன். அவர் வரைந்தவற்றுக்கு அளவும் கணக்கும் இட்டுச் செயற்படுத்தியோர் கணிதம் வல்ல அவருடைய துணைவரேயாவர். ஆனால் ஒரு பாடத்திலே தவறியவனை எல்லாவற்றிலும் தவறியவனென்று எழுதிவிடுதல் தகாது என்பதற்கு அவர் வாழ்வைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கல்லூரியை விட்டபின் இலண்டனிற் சிறிய நிறுவனமொன்றிலும், 1934 முதற் கொவென்றி நகரிலுள்ள ஹம்பர் தொழிற்சாலையிலும் பணிபுரிந்தார். அக்காலத்திலே ஜோர்ஜ் டௌசன் என்னும் நண்பரோடு கூடி ஓட்டப்பந்தயக் காரொன்றைத் தம் கையாலேயே செய்யத் தொடங்கினார். வேலை முடிந்த மாலைகளும் விடுமுறை நாட்களும் அதற்கே செலவாயின. இயந்திரக் கருவிகளின் துணை பெரிதும் இல்லை. அரமும் அறுவாளும் சுத்தியலுமே துணை. ஒட்டுப்பலகையின்மேல் அலுமினியத் தகடு பொதிந்து உடலமைத்தனர். எஃகு வில்லுக்கு மாறாக இறப்பரை வைத்துச் சில்லுகளைத் தாங்குவித்தனர். எடை குறையவேண்டும், வேண்டாதது ஒன்றும் இருத்தலாகாது என்பதே அவர்கள் கொண்ட நெறி. ஓராண்டில் முடியும் என்று எண்ணித் தொடங்குவோர் இத்தகைய பணியில் இடைவழியிற் கைவிடுவர். அவ்விருவரோ ஏறத்தாழ ஐந்தாண்டு உழைத்து 1930களின் இறுதியில் அதனை ஓட வைத்தனர். உலகப்போருக்குப் பின்னும் அது பந்தயங்களில் ஓடியது.

1936ஆம் ஆண்டிலே ஒக்ஸ்போட் நகரை அடுத்த கௌலியிலுள்ள மொறிஸ் தொழிற்சாலையில் இசிகோனிஸ் சேர்ந்தார். அதன் தலைவர் நஃபீல்டு பிரபு. மிதிவண்டி திருத்தும் சிறு கடையில் தொழிலைத் தொடங்கிப் பெருஞ்செல்வரானவர் அவர். போர்க்காலத்தில் படைக்குரிய வண்டிகளைச் செய்யும் பணி ஒருபுறம் நிகழ, நிருவாகத்தில் உயர்பதவி வகித்த மைல்ஸ் தோமஸ் என்பார் போர் முடிந்தபின் மக்களுக்கு வேண்டிய சிறு காரைப் பற்றி எண்ணினார். அக்காரை வரையும் பொறுப்பை இசிகோனிஸிடம் அவர் ஒப்புவித்தார். பெருங்குழு ஒன்றும் அமைக்கப்படவில்லை. அடித்தளத்துக்கு ஜக் டானியெல்ஸ், உடலுக்கு றெஜ் ஜோப் என இருவரே வலக்கையும் இடக்கையுமாய் அமைந்தனர். இசிகோனிஸ் கைக்கெட்டிய தாளிலே உருவை வரைவார். அதனை அளவொடு பொருந்திய படமாக்குவது அவ்விருவர் கடன்.

அக்காலத்துச் சிறு கார்கள் பெரிய கார்களின் குறுகிய பிரதிகளாகவே இருந்தன. ஏழையின் காரென்றால் குலுங்கவும் தள்ளாடவும் வேண்டும் என்பது விதிபோலக் கருதப்பட்டது. இசிகோனிஸ் அவ்விதியை ஏற்கவில்லை. எஞ்சினை முன்னே தள்ளி உள்ளே இருப்போருக்கு இடம் வகுத்தார். சட்டமும் உடலும் வேறுவேறாய் அமையாது ஒன்றாய்ப் பொருந்திய கூடு ஆக்கினார். முறுக்கேற்கும் எஃகுத் தண்டுகளால் முன்சில்லுகளைத் தாங்குவித்தார். சுக்கானைத் திருப்பியவாறே கார் பிசகாது திரும்புமாறு பற்சட்ட அமைப்பை ஏற்றார். 14 அங்குலச் சிறு சில்லுகளைத் தெரிந்தெடுத்தார். குறைந்த ஊதியம் பெறுவோன் ஒருவன் தன் காரிற் செல்லும்போது, அது சிறிதென்று நாணவேண்டாதபடி செல்லவேண்டும் என்பதே அவர் கருத்து.

எல்லாம் அணியமாயிருந்த வேளையில் இசிகோனிஸுக்கு ஓர் ஐயம் எழுந்தது. காரின் அகலம் கண்ணுக்கு ஒவ்வவில்லை. மாதிரிக் காரை நெடுக்கே இரண்டாய் அறுப்பித்தார். இரு பாதிகளையும் சற்றே விலக்கி வைத்துப் பார்த்தார், மீண்டும் விலக்குவித்தார். நான்கு அங்குலம் விலகிய நிலையில் அவர் கண் நிறைவுற்றது. அவ்வளவே முடிவான அளவாயிற்று. முன்னரே செய்து வைத்திருந்த முட்டுச்சட்டங்களை நடுவே வெட்டித் துண்டு வைத்து ஒட்டவேண்டி நேர்ந்தது. முன்மூடியின் நடுவே தட்டையான பட்டையொன்று சேர்க்கப்பட்டது. எங்கள் காரின் முன்மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்த நாளில், உருண்டு வரும் தகட்டின் நடுவே இப்பட்டை ஏனென்று அம்மாணவன் என்னைக் கேட்டான். அன்று விடை தெரியாது விழித்தேன். பின்பு நூலிற் படித்து அவனுக்குச் சொன்னபோது, செய்து முடித்ததை அறுக்கும் துணிவு இருந்தபடியாற்றான் அவர் பெரியவரானார் என்று அவன் உரைத்தான். தமிழாசிரியனாகிய நான் அதற்குமேற் பொழிப்புரை கூற இயலவில்லை.

நஃபீல்டு பிரபுவுக்கு அக்கார் சற்றும் பிடிக்கவில்லை. ஓடு நீக்கி நீரிலே வேகவைத்த முட்டையோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். எனினும் 1948ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியிலே மொறிஸ் மைனர் என்னும் பெயருடன் அது வெளிவந்தது. செல்வர்க்குரிய ஜக்குவார் எக்ஸ்.கே. 120 காரும் அக்கண்காட்சியிலேயே வெளிவந்தது. மைனர் முதலிற் பழைய 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு வந்தது. 1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒரு நிறுவனமாய் இணைந்த பின்னர் ஒஸ்ரினின் 803 எஞ்சின் அதனுட் புகுந்தது. என் பாட்டனாரின் மொறிஸ் காருக்கு ஒஸ்ரின் இதயம் அமைந்தது இவ்வாறே. 1956இல் முன்கண்ணாடி ஒரே துண்டாயிற்று, எஞ்சினும் வலுப்பெற்றது. 1960ஆம் ஆண்டின் இறுதியில் மைனர்களின் தொகை பத்து இலட்சத்தை எட்டியது. அத்தொகையை முதன்முதல் எட்டிய பிரித்தானியக் கார் அதுவே. உற்பத்தி முடிந்த 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 16 இலட்சம் மைனர்கள் உலகெங்கும் சென்றிருந்தன. தாதியர், அஞ்சற்காரர், ஆசிரியர் முதலியோரே அதன் புரவலர். இலங்கையிலும் அவ்வாறே.

இவ்வெற்றியைத் தந்தவர் அத்தொழிற்சாலையில் நிலைத்திருக்கவில்லை. 1952இல் அல்விஸ் என்னும் சிறிய நிறுவனத்துக்குச் சென்று புதிய பெருங்கார் ஒன்றை வரைந்தார். பொருள் போதாமையால் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1955இன் இறுதியில் லெனாட் லோட் என்பார் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு சூயெஸ் நெருக்கடி நேர்ந்தது. பிரித்தானியாவிலே பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. எண்ணெய் குறைவாய்க் குடிக்கும் சிறு காரை விரைந்து செய்யுமாறு 1957இல் அவருக்குப் பணிக்கப்பட்டது. பத்தடி நீளப் பெட்டியில் நால்வர் அமரவேண்டும். அந்நீளத்தின் பெரும்பகுதி ஆட்களுக்கே வேண்டும் என்று அவர் வரையறுத்தார். எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார்; பற்சக்கரப் பெட்டியை அதன் கீழே எண்ணெய்த் தொட்டியினுள் அடக்கினார்; முன்சில்லுகளாலேயே காரை இழுப்பித்தார். சில்லுகள் 10 அங்குலமே. தாங்குதற்கு அலெக்ஸ் மோல்ற்றன் வகுத்த இறப்பர்க் கூம்புகள் அமைந்தன. நண்பரோடு கையாற் செய்த காரில் வைத்த இறப்பர், இருபது ஆண்டு கழிந்து வேறோர் உருவில் மீண்டது. 1959ஆம் ஆண்டு ஓகஸ்ற் 26ஆம் நாள் வெளிவந்த அக்காரே மினி. 2000ஆம் ஆண்டு வரை 53 இலட்சத்துக்கு மேற்பட்ட மினிகள் செய்யப்பட்டன. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோ நெடுவழிப் போட்டியில் அது முதலிடம் பெற்றது. குறுக்கெஞ்சினும் முன்சில்லு இழுவையும் இன்று உலகின் சிறு கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு இலக்கணமாகிவிட்டன.

பெரியாரின் குறையை மறைத்தல் வரலாறாகாது. தாம் கொண்டதை விடாத பிடிவாதம் இசிகோனிஸிடம் இருந்தது. வாங்குவோரை நாடி வினவுதலை அவர் இகழ்ந்தார். காரிலே வானொலி வேண்டாம் என்பார்; இருக்கை மெத்தென்றிருந்தால் ஓட்டுபவன் விழிப்பிழப்பான் என்பார். முதல் மினிகளின் தரைத்தகடுகள் பொருந்திய முறை பிழைத்தமையால் மழைநீர் உள்ளே புகுந்தது. 1960களில் அவர் வகுத்த பெரிய கார்கள் மைனரைப்போலவோ மினியைப்போலவோ மக்கள் உள்ளத்தைக் கவரவில்லை. மைனரிலும் ஒரு குறை உண்டு. முன்சில்லைத் தாங்கும் திருகுமுளைகளுக்குத் தவறாது கிரீஸ் இடவேண்டும். இடாதுவிட்டால் அவை தேய்ந்து, ஒருநாள் சில்லு பக்கத்தே சாய்ந்துவிடும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை என்று கைந்நூல் கூறும் அக்கடமையை, பாட்டனார் மாதந்தோறும் முதற் சனிக்கிழமை தவறாது செய்து வந்தார் என்று என் தாயார் கூறுவார்.

1967இல் றோயல் கழகம் இசிகோனிஸைத் தன் அங்கத்தவராக ஏற்றது. 1969இல் அவருக்குச் சேர் பட்டம் அளிக்கப்பட்டது. கணிதத்தில் மும்முறை தவறியவர் அந்நாட்டு அறிஞர் பேரவையில் அமர்ந்தார். அவர் மணஞ் செய்துகொள்ளவில்லை. எரிந்த நகரிலிருந்து தம்மோடு வந்த தாயாரை 1972இல் அவர் மறையும் வரையும் உடன் வைத்துப் பேணினார். 1971இல் பதவியினின்று ஓய்வு பெற்று, 1988ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் நாள் பேர்மிங்காமிலே உலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்த பின்னரும் அவர் கார் மறையவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரிலே சார்ள்ஸ் வெயர் என்பார் பழைய மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையமொன்றை 1970களில் நிறுவினார். நன்கு பேணப்படும் பழைய கார் ஒருவனுக்கு வாழ்நாள் முழுவதும் உழைக்கும் என்பது அவர் கொள்கை. 1990களிலே, இங்கிலாந்திற் கிடைத்தற்கரிதாகிய மைனர்த் தகடுகளையும் உறுப்புகளையும் நம் நாட்டின் தென்கரையிலுள்ள காலியிற் செய்விக்க அவர் ஏற்பாடு செய்தார். எந்த நாடு அக்காரைப் பெற்றெடுத்ததோ அந்நாட்டுக்கே இலங்கைத் தொழிலாளர் அதன் உறுப்புகளைச் செய்து கப்பலேற்றினர். நம் நாட்டு மக்கள் வடக்கும் தெற்குமாய்ப் பிரிந்து பொருத அவ்வாண்டுகளில், தெற்கிலே மைனருக்குத் தகடு தட்டினர்; வடக்கிலே அதே மைனரை மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஒருவரையொருவர் அறியாமலே இரு சாராரும் ஒரே காரைக் காத்தனர்.

எங்கள் காரின் பணி 2010 முதல் 2023 வரை பதின்மூன்று ஆண்டு நீடித்தது. ஆசிரியச் சம்பளத்திலே மாதத்துக்கு ஓர் உறுப்புத் தேறினால் பெரிது. முதலிரண்டாண்டு கறளைச் சுரண்டுவதிலேயே கழிந்தது. எஞ்சினை இளக்குவதற்கு உருளைகளில் எண்ணெய் வார்த்து வாரக்கணக்கிற் காத்திருந்தோம். தரைத்தகடுகளைத் தென்னிலங்கையிலிருந்து வருவித்தோம்; கிடையாதவற்றை அம்மாணவன் தகடு வெட்டித் தானே தட்டி ஒட்டினான். ஒருமுறை பூசிய நிறம் உப்புக்காற்றிற் கொப்புளித்தது. அத்தனையும் தேய்த்தெடுத்து மீண்டும் பூசினோம். 2022ஆம் ஆண்டிலே கார் ஓடும் நிலையை அடைந்தது. ஆனால் நாடெங்கும் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய்க் காலத்தை நினைத்து நகைத்துக்கொண்டு மீண்டும் ஓராண்டு காத்திருந்தோம்.

அக்காத்திருப்பில் ஒருநாள், இசிகோனிஸ் கணிதத்தில் மும்முறை தவறிய செய்தியை அம்மாணவனுக்குச் சொன்னேன். அவன் எதிர்மொழி கூறவில்லை. சற்று நேரம் கழித்து, வகுப்பிலே நான் அவனை இகழ்ந்த நாளையும் அப்போது சொன்ன சொல்லையும் அவனே எடுத்துச் சொன்னான். கோபத்தோடு சொன்னானில்லை, மழை பெய்த நாளைச் சொல்வதுபோற் சொன்னான். பதினைந்து ஆண்டாக அச்சொல் அவன் நெஞ்சிலே கிடந்திருக்கின்றது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் எழுந்து சென்று திருகுமுளைக்குக் கிரீஸ் இடத் தொடங்கினான். இரும்பில் ஏறிய கறளைச் சுரண்டப் பதின்மூன்று ஆண்டு பிடித்தது. நாவினால் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் ஏற்றிய கறளைச் சுரண்டுதற்கு எத்தனை ஆண்டு வேண்டும் என்பதை ஆசிரியராயுள்ள பழைய மாணவர் எண்ணிப் பார்ப்பாராக.

2023ஆம் ஆண்டிலே ஒரு காலை வேளையில் அக்கார் எங்கள் படலையைக் கடந்து வீதியில் ஏறியது. சுக்கானைப் பிடித்தவன் அவனே. நானும் என் தாயாரும் பின்னே அமர்ந்திருந்தோம். பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தடி வரை சென்று, அங்கிருந்து பாலத்தைக் கடந்து திருக்கேதீச்சரத்தை அடைந்தோம். முன்னொருகால் அக்காரில் ஆசுபத்திரிக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் வழியிலே கைகாட்டி நிறுத்தி, அதன் முன்மூடியைத் தடவிப் பார்த்தார். நான்கு அங்குலப் பட்டையின்மேல் அவர் கை சென்றதை நான் கண்டேன்.

இசிகோனிஸ் மன்னாரைக் கண்டவரல்லர். இக்கரையில் இத்தகைய மக்கள் உளர் என்று அவர் எண்ணியிருக்கவும் மாட்டார். ஆயினும் எளியவன் வாங்கவும், எளியவன் கழற்றிப் பூட்டவும் கூடியவாறு அவர் ஒன்றைச் செய்து வைத்தார். அதனால், அவர் கை ஓய்ந்தபின் அதனை உயிர்ப்பிக்கப் பிறர் கை முன்வந்தது. கல்விக்கும் இஃது ஒக்கும். கற்பித்தோர் மறைந்த பின்னும் கற்றோர் எடுத்துத் துடைத்து மீண்டும் ஓட வைக்கும் தன்மை எக்கல்விக்கு உண்டோ அதுவே நற்கல்வி. போரும் பெயர்வும் கண்ட காலத்திலே எமக்கு அத்தகைய கல்வியைத் தந்த இக்கல்லூரி, முதல் வாங்கில் இருப்போரோடு கடைசி வாங்கில் இருப்போரையும் தன் மக்களென அணைத்துப் பல்லாண்டு வாழ்வதாக.